கழுத்தளவு: அனிமேயில் கவர்ச்சிக்கும் கதைக்கும் உள்ள கணக்கு

2025 செப்டம்பர் 12ஆம் தேதி 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்' என்ற ஜப்பானிய அனிமேஷன் படம், அதாவது அனிமே, தமிழ்க் குரலோடு திரையரங்குகளுக்கு வந்தது. காஞ்சிரங்குளத்தில் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு ஒரு மாதம் முன்பே தொடங்கிவிட்டது. தங்கை மகள் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். பள்ளியில் படித்தது மலையாளம், வீட்டில் பேசுவது தமிழ், ராத்திரி பார்ப்பது ஜப்பானியப் படம். நெய்யாற்றங்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவே வளரும் பிள்ளைகளுக்கு இது ஒரு அதிசயமே இல்லை.

அவள் போனில் காட்டிய படத்தில் மிட்சுரி கன்ரோஜி என்ற வாள்வீராங்கனை நின்றாள். அந்தக் கதையின் பேய்வேட்டைப் படையில் மற்றவர்களில் பெரும்பாலோருக்குக் கழுத்துவரை பொத்தான் மாட்டிய கறுப்புச் சீருடை. இவளுக்கோ முன்பக்கம் திறந்த சட்டை, குட்டைப் பாவாடை.

"இது என்ன பிள்ளே, இவளுக்கு மட்டும் துணி தட்டுப்பாடா?" என்று கேட்டேன்.

"அவ உடுத்திருக்கத மட்டும் பாக்காண்டாம் மாமா. அத தச்சுக் குடுத்தவன் யாருன்னு கேளுங்க."

கேட்டேன். கதையிலேயே அதற்குப் பதில் இருக்கிறது. படையின் சீருடைகளைத் தைப்பவன் மாயேதா என்றொரு கண்ணாடிக்காரன். அவன் வேண்டுமென்றே அப்படித் தைத்துக் கொடுத்தான். பெண்களுக்கெல்லாம் இதுதான் சீருடை என்று நம்பி மிட்சுரி உடுத்திக்கொண்டாள். மூலமான மங்கா என்னும் சித்திரக்கதைத் தொகுதியின் இடைப்பக்கக் குறிப்பு ஒன்றில் அதைப் படைத்த கொயோஹாரு கோதோகே இதை நகைச்சுவையாகச் சொல்லிவிட்டுப் போகிறார்.

என் அம்மை இந்த ஊரில் முப்பது வருடம் ஜாக்கெட் தைத்தவர். கழுத்து எவ்வளவு இறங்கலாம் என்பதில் அவருக்கு ஒரே விதி: உடுத்துகிறவள் சொல்ல வேண்டும், தைக்கிறவள் சொல்லக் கூடாது, கூட வந்த மாமியார் சொல்லவே கூடாது. அனிமேயில் வரும் கவர்ச்சிக் காட்சிகள் கதைக்கும் பாத்திர வளர்ச்சிக்கும் உதவுமா என்ற கேள்வியைச் சில மாதங்களாகத் துழாவிப் பார்க்கிறேன். அந்தத் தையல் விதியைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

இந்தக் காட்சிகளுக்கு ரசிகர்கள் வைத்திருக்கும் பெயர் ஃபேன் சர்வீஸ். ரசிகனுக்கு வைக்கும் படையல் என்று கொள்ளலாம். ஜப்பானில் ஆட்டக்காரர் மைதானத்திலிருந்து கையசைப்பதும், பாடகி மேடையிலிருந்து கண்ணடிப்பதும்கூட இந்தப் பெயரில் அடங்கும். தமிழில் இச்சொல் இப்போது நாயக வழிபாட்டின் பக்கம் சாய்ந்துவிட்டது. 2019இல் 'பேட்ட' வந்தபோது பழைய ரஜினியைத் திரும்பக் காட்டியதைத்தான் ஃபேன் சர்வீஸ் என்றார்கள். அனிமே வட்டத்திலோ அது பெரும்பாலும் உடலைக் குறிக்கிறது: கதைக்குத் தேவையில்லாத நேரத்தில் கேமரா இறங்கிப் போகும் இடங்கள், வெந்நீர் ஊற்றுக் குளியல்கள், கடற்கரை அத்தியாயங்கள்.

இதன் வேர் கலையில் இருப்பதைவிட வியாபாரத்தில் ஆழமாக இருக்கிறது. 1968இல் 'ஷோனென் ஜம்ப்' மங்கா இதழ் பிறந்தபோது அதில் கோ நாகாய் வரைந்த 'ஹரென்ச்சி காக்குயென்' தொடரைப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் கொதித்தெழுந்து எதிர்த்தன. எதிர்ப்பு இதழுக்கு விளம்பரமாயிற்று. 1983இல் 'டாலஸ்' வந்ததிலிருந்து, தொலைக்காட்சியைத் தொடாமல் நேரே வீடியோ நாடாவுக்குப் போகும் படங்கள் பெருகின. பிறகு நள்ளிரவு ஒளிபரப்பு வந்தது. பல நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து பணம் போட்டன. போட்ட பணத்தை டிவிடி, புளூரே விற்பனையில் எடுத்தாக வேண்டும். ஆகவே தொலைக்காட்சியில் நீராவியாலும் ஒளிக்கற்றையாலும் மறைத்ததை, வட்டில் திரை விலக்கி விற்றார்கள். இங்கேயே ஒரு எளிய சோதனை கிடைக்கிறது. நீராவி போட்டாலும் எடுத்தாலும் கதையில் ஒரு மயிரிழை மாறவில்லை என்றால், அந்தக் காட்சி கதைக்காக எழுதப்பட்டதில்லை. விற்பனைப் பிரிவுக்காக எழுதப்பட்டது.

சினிமா விமர்சனத்தில் இந்தக் கேள்விக்கு வயது ஐம்பது. லாரா மல்வி 1975இல் 'ஸ்கிரீன்' இதழில் எழுதிய கட்டுரையில், பெண்ணுடல் காட்சிப்பொருளாகும் நொடியில் கதை ஓட்டம் உறைந்து நின்றுவிடுகிறது என்ற கருத்தை வைத்தார். நம் இலக்கணத்தில் இதைச் சொல்ல இன்னும் நெருக்கமான சொல் உண்டு. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளைப் பேசுகிறது. உள்ளத்தில் நிகழ்வது உடலில் தெரிவது மெய்ப்பாடு. அகப்பாடல்களில் உடல் வராமல் இல்லை. வளை நெகிழ்கிறது, பசலை படர்கிறது, தோள் மெலிகிறது. ஆனால் ஒவ்வொரு உடற்குறிக்கும் பின்னால் ஒரு மனம் இருக்கிறது. பெரும்பாலான ஃபேன் சர்வீஸ் காட்சிகளில் மெய் மட்டும்தான் இருக்கிறது. அதில் படுவது எதுவும் இல்லை.

இதற்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் சொல்லும் முதல் வாதம், "கதையில் காரணம் இருக்கிறதே" என்பது. 2015இல் வந்த 'மெட்டல் கியர் சாலிட் 5' அனிமே அல்ல, வீடியோ கேம்தான். ஆனாலும் இந்த வாதத்தின் சிறந்த மாதிரி அதுதான். அதில் க்வயட் என்னும் குறிபார்த்துச் சுடும் பெண் கிட்டத்தட்ட நீச்சலுடையில் போர்க்களத்தில் திரிகிறாள். கண்டனம் எழுந்தபோது, காரணம் தெரிந்தால் பேசியதற்கு வெட்கப்படுவீர்கள் என்ற தொனியில் இயக்குநர் ஹிதேயோ கோஜிமா பதில் சொன்னார். விளையாடிப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரிந்தது: அவள் தோலால்தான் மூச்சுவிடுகிறாளாம். அதே கோஜிமாவின் முந்தைய விளையாட்டில் 'தி எண்ட்' என்ற கிழவர் செடியைப் போல வெயிலில் உயிர்வளர்ப்பவர். அவர் முழு உடை போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். காரணம் ஜோடிக்கலாம். ஜோடித்த காரணம் கிழவரைக் கண்டதும் உதிர்ந்துவிடுகிறது.

இன்னொன்றை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட வேண்டும். அனிமேயில் இந்தப் படையலுக்கு ஆளாகும் பாத்திரங்களில் பலர் பள்ளி மாணவிகள். ஜப்பானில் குழந்தைகளின் ஆபாசப் படங்களை வைத்திருப்பதே குற்றம் என்று 2014இல் சட்டம் வந்தபோது மங்காவும் அனிமேயும் அதற்கு வெளியே விடப்பட்டன. பாலுறவுக்கு இசைவு சொல்லும் வயது அங்கே 13இலிருந்து 16 ஆனதே 2023இல்தான். நம் போக்சோ சட்டம் 2012ஆம் ஆண்டினது. அதில் எல்லை 18. சிறுமியின் உடலைக் காட்சியாக்குவதற்கு எந்தக் கதை நியாயமும் எனக்கு வேண்டாம். அந்தக் கணக்கை இங்கே மூடிவிடுகிறேன். இனி வளர்ந்தவர்களைப் பற்றி மட்டும் பேசலாம்.

ஜப்பானைக் கூண்டில் ஏற்றும் முன் நம் வீட்டுத் திண்ணையையும் ஒரு பார்வை பார்த்துவிடுவோம். சில்க் ஸ்மிதா 1980இல் 'வண்டிச்சக்கரம்' மூலம் தமிழுக்கு வந்தார். அதற்கடுத்த சில ஆண்டுகளில், விற்காமல் பெட்டியில் கிடந்த படங்கள்கூட அவருடைய ஒரு பாட்டைச் சேர்த்ததும் விலை போயின என்று கோடம்பாக்கம் இன்றும் கதை சொல்லும். ஒட்டுப்போட்ட துணி என்பது இதுதான். ஆனால் அதே ஸ்மிதா 1981இல், இங்கிருந்து பஸ்ஸில் போய்விடும் தூரத்தில் உள்ள முட்டம் கடற்கரையில் எடுக்கப்பட்ட 'அலைகள் ஓய்வதில்லை' படத்தில், நாயகியின் அண்ணியாக வந்தார். கவர்ச்சி ஒரு இழைகூட இல்லாத வேடம். அந்தக் கண்களுக்கு நடிக்கத் தெரியும் என்பதற்கு அந்தப் படம் சாட்சி. அதன் பிறகும் வியாபாரம் அவரிடம் பாட்டைத்தான் கேட்டது.

1982இல் வந்த 'மூன்றாம் பிறை' இந்த விவாதத்துக்கு நல்ல உரைகல். நினைவு தப்பிக் குழந்தை மனதோடு இருக்கும் விஜியைச் சீனு ஒரு விரல் நகம்கூடப் படாமல் காப்பாற்றுகிறான். அதே ஊரில் தலைமையாசிரியரின் இளம் மனைவி சீனுவை விரும்புகிறாள். அவள்தான் ஸ்மிதா. அவளுக்காக வைத்த பாட்டு படத்துக்கு வேண்டாத சதை என்று சொன்னவர்கள் அப்போதும் உண்டு, இப்போதும் உண்டு. நான் பாதி மட்டும் ஒப்புக்கொள்வேன். அவளுடைய ஆசை படத்தில் இல்லாவிட்டால், சீனுவின் கட்டுப்பாடு வெறும் நல்லபிள்ளைத்தனமாகச் சுருங்கிவிடும். வாசலில் வந்து நிற்கும் ஆசையை மறுத்தவன் என்பதால்தான் அவனுடைய காதலுக்கு எடை கூடுகிறது. கிழக் கணவனோடு வாழும் அந்தப் பெண்ணுக்கும் ஒரு தாபம் உண்டு என்று படம் ஒத்துக்கொள்கிறது. ஆக, பாத்திரம் கதைக்கு உதவுகிறது. பாட்டின் நீளமும் கேமரா நின்ற இடங்களும் விநியோகஸ்தருக்கு உதவின. ஒரே காட்சியில் இரண்டும் நடக்க முடியும் என்பதுதான் இந்தப் பொருளில் உள்ள சிக்கல்.

காமிக்ஸ் படித்து வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு இன்னொரு பெயரும் நினைவுக்கு வரும். 1984இல் சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸின் முதல் இதழ் 'கத்தி முனையில் மாடஸ்டி'. பீட்டர் ஓ'டானல் 1963இல் லண்டன் மாலைப் பத்திரிகைக்காகப் படைத்த மாடஸ்டி பிளைசிக்கு ஒரு போர்த்தந்திரம் உண்டு. அறைக்குள் எதிரிகள் நாலைந்து பேர் இருந்தால், அவள் மேலாடை இல்லாமல் உள்ளே நுழைவாள். அவர்கள் திகைத்து நிற்கும் இரண்டு நொடிகள் கூட்டாளி வில்லி கார்வினுக்குப் போதும். படம் வரைந்தவர் அதை வாசகனுக்காகவும்தான் வரைந்தார், சந்தேகமில்லை. ஆனால் போர்க்கால அகதிச் சிறுமியாக நாடு நாடாகத் தனியே அலைந்து, எது கையில் இருக்கிறதோ அதைக் கருவியாக்கக் கற்றுக்கொண்ட ஒருத்தியின் குணமும் அந்தத் தந்திரத்தில் தெரிகிறது. கழுத்தளவைச் சொன்னது அவள்தான்.

கற்பனைப் பாத்திரத்துக்கு முடிவெடுக்கும் உரிமை எங்கிருந்து வந்தது, வரைகிறவன்தானே எல்லாவற்றையும் முடிவு செய்கிறான் என்று இங்கே ஒருவர் குறுக்கிடலாம். சரியான குறுக்கீடு. ஆனால் பாத்திரத்தின் வீரத்தையும் கண்ணீரையும்கூட வரைகிறவனே முடிவு செய்கிறான். முன்பின் நிகழ்ச்சிகள் அதைத் தாங்கும்போது அது அவளுடையதாகிவிட்டதாக நாம் நம்புகிறோம். உடையையும் அப்படித்தான் பார்க்கிறேன். அந்த முடிவால் கதையில் அவளுக்கு ஏதாவது கிடைத்ததா, ஏதாவது போயிற்றா?

'நியான் ஜெனிசிஸ் எவாஞ்சலியன்' 1995இல் வந்தபோது, பல அத்தியாய முடிவுகளில் மிசாட்டோ கட்சுராகி என்ற பாத்திரத்தின் குரல், அடுத்த முறையும் சர்வீஸ் உண்டு என்று ரசிகனை உற்சாகமாக அழைக்கும். ஃபேன் சர்வீஸை வெளிப்படையாகக் கூவி விற்றது அந்தத் தொடர். 29 வயது மிசாட்டோ குடியும் கும்மாளமுமாக, அரைகுறை உடையில் குப்பை நிறைந்த வீட்டில் உலவுவதைப் பார்த்துச் சிரித்தோம். போகப் போகத்தான் கணக்குத் திரும்புகிறது. தன்னைக் காப்பாற்றிவிட்டுச் செத்த அப்பாவை வெறுக்கவும் முடியாமல் மறக்கவும் முடியாமல், காதலனிடம் அப்பாவைக் கண்டு பயந்து ஓடியவள் அவள் என்று தெரிகிறது. கடைசி அத்தியாயங்கள் அந்தக் கும்மாளத்தையே அவளிடம் விசாரணை செய்கின்றன. முதலில் ரசித்த நமக்குக் கொஞ்சம் கூசுகிறது. சதோஷி கோனின் 'பெர்ஃபெக்ட் புளூ' (1997) இதையே இன்னும் கொடூரமாகச் செய்கிறது. பாட்டுக் குழுவை விட்டு நடிக்க வந்த மிமாவின் உடலைப் பற்றி நிறுவனத்தார் முடிவு செய்கிறார்கள், மேலாளர் முடிவு செய்கிறாள், வெறிபிடித்த ரசிகன் முடிவு செய்கிறான். அவளைத் தவிர எல்லாரும். அந்தப் படத்தில் கவர்ச்சி என்று எதுவுமே மிச்சமில்லை, பார்க்கிறவனுக்கு வியர்க்கிறது.

'கவ்பாய் பீபாப்' (1998) தொடரின் ஃபே வாலண்டைன் முதல் பார்வைக்குச் சுவரொட்டிப் பெண்தான். மஞ்சள் நிறக் குட்டை உடை, சூதாட்டம், பொய், கடன். 18ஆம் அத்தியாயத்தில் அவள் இருக்கும் விண்கப்பலுக்கு ஒரு பீட்டாமேக்ஸ் நாடா வந்து சேர்கிறது. 2071ஆம் ஆண்டில் அதை ஓட்டக் கருவி கிடைப்பதே அரிது. கப்பலில் உள்ள ஆண்கள் இருவரும் பூமியின் இடிபாடுகளில் இறங்கித் தேடி, தப்பான கருவியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஒருவழியாக நாடா ஓடும்போது அதில் தெரிவது ஒரு வெள்ளந்திச் சிறுமி. பிற்காலத்தில் தான் ஆகப்போகும் பெண்ணுக்கு அவள் உற்சாகமாக வாழ்த்துச் சொல்கிறாள். விபத்துக்குப் பிறகு 54 ஆண்டுகள் உறைநிலையில் கிடந்து, நினைவை இழந்து, கடனோடும் ஏமாற்றத்தோடும் கண்விழித்த ஃபே அந்தச் சிறுமியைத் திரையில் பார்க்கிறாள். தன்னையே அடையாளம் தெரியவில்லை. யாரென்றே தெரியாத தனக்கு அவள் மாட்டிக்கொண்ட கவசம் அந்த மஞ்சள் உடை என்று நமக்கு அப்போதுதான் உறைக்கிறது. அதுவரை நாம் பார்த்தது வேறு ஒன்றாகிவிடுகிறது. படையலாகத் தொடங்கியது பாத்திரமாகும் வித்தை இதுதான்.

ஆனால் கேள்விக்கு முழுமையான ஆம் சொல்லும் படைப்பு எதுவென்றால், சயோ யமமோட்டோ இயக்கிய 'யூரி ஆன் ஐஸ்' (2016) என்பேன். ஃபூஜிகோ மினே என்ற மயக்கும் திருடியை நாயகியாக்கி 2012இல் தொடர் எடுத்தவரும் இதே பெண் இயக்குநர்தான். கட்சுகி யூரி 23 வயது பனிச்சறுக்கு வீரன். பெரிய போட்டியில் கடைசி இடம் வாங்கி, சொந்த ஊருக்குத் திரும்பி, குடும்பத்தின் வெந்நீர் விடுதியில் தின்று தின்று ஊதிப்போனவன். அவன் தெய்வமாகக் கும்பிடும் ரஷ்ய வீரன் விக்டர் ஒருநாள் பயிற்சியாளராக வந்து நிற்கிறான். அதுவும் வெந்நீர்க் குளத்தில், பிறந்த மேனியாக. இது அசல் படையல், ரசிகைகளுக்கு வைத்தது. இங்கே பார்வையின் திசையே மாறிவிட்டது என்பதைக் கவனியுங்கள்.

விக்டர் அவனுக்குக் கொடுக்கும் ஆட்டத்தின் பெயர் 'ஈராஸ்', காமம். கூச்சம் பிடித்த யூரிக்குக் காமம் என்றால் என்னவென்றே தெரியாது. யோசித்து யோசித்து, தனக்கு மயக்கம் தரும் ஒரே பொருள் அம்மா சமைக்கும் கட்சுடோன் என்னும் பன்றிக்கறிச் சோறு என்று கண்டுபிடிக்கிறான். எனக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. மரச்சீனியும் மீனும் வைத்தால் உலகத்தை மறக்கிற எங்கள் ஊர் ஆட்களுக்கு அது நன்றாகவே புரியும். போட்டிக்கு முந்தைய இரவில் அவன் மனம் மாறுகிறது. ஊரை மயக்கும் ஆண்மகனாக ஆடத் தன்னால் ஆகாது, அவனை மயக்கும் பெண்ணாக ஆடலாம் என்று தோன்றுகிறது. பாலே ஆசிரியையிடம் ஓடிப்போய்ப் பெண்ணின் அசைவைக் கற்றுத்தரச் சொல்கிறான். மறுநாள் பனிமேடையில் அவன் இடுப்பு வளைவதும் பார்வை சாய்வதும் அத்தனையும் கவர்ச்சிதான். அத்தனையும் பாத்திர வளர்ச்சியும்கூட. தன்னை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று நம்பியவன், என்னைப் பார் என்று முதன்முறையாகச் சொல்கிறான். அந்த ஆட்டத்தை வெட்டிவிட்டால் தொடரே இல்லை.

எங்கள் மண்ணில் இந்த விஷயத்தைப் பேசுகிறவன் கடைசியில் ஒரு இடத்தில் வந்து நின்றுதான் ஆக வேண்டும். தென் திருவிதாங்கூரில் நாடார் உள்ளிட்ட சாதிப் பெண்கள் மேல்சாதியார் முன் மாரை மறைக்கக் கூடாது என்ற வழக்கம் இருந்தது. கிறிஸ்தவத்துக்கு மாறிய பெண்கள் குப்பாயம் என்னும் மேல்சட்டை போட்டுக்கொள்ளலாம் என்று 1813இல் கர்னல் மன்றோ உத்தரவிட்டதும், பிறகு அது திரும்பப் பெறப்பட்டதும், 1822 முதல் சந்தைகளிலும் சாலைகளிலும் பெண்களின் மேல்துணி கிழிக்கப்பட்டதும், 1859 ஜூலை 26இல் அரச விளம்பரம் வந்ததும் தோள்சீலைப் போராட்டத்தின் வரலாறு. 2023 மார்ச்சில் அதன் இருநூறாம் ஆண்டு விழா நாகர்கோவிலில் நடந்தபோது தமிழ்நாட்டு முதல்வரும் கேரள முதல்வரும் ஒரே மேடையில் நின்றார்கள். அந்தத் துயரத்தையும் பொழுதுபோக்குக் கார்ட்டூனையும் ஒரே தட்டில் வைப்பதாக யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் உடலைக் காட்டுவது கெட்டது, மறைப்பது நல்லது என்ற எளிய வாய்ப்பாடு எங்கள் பாட்டிகளின் அனுபவத்துக்குப் போதாது. அவர்கள் கேட்டது துணியின் மேல் தங்களுக்கு உள்ள அதிகாரத்தை. பக்கத்துப் பாலராமபுரத்தில் வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்த நெசவாளர்கள் அரண்மனைக்கு மெல்லிய துணி நெய்துகொண்டிருந்த அதே நூற்றாண்டில்தான் இது நடந்தது.

ஜப்பானியத் தொடர்களில் இந்த அதிகாரத்தையே கதைப்பொருளாக எடுத்தது 'கில் லா கில்' (2013). அதில் ஒரு பள்ளி, சீருடையின் நட்சத்திர எண்ணிக்கையால் மாணவர்களைச் சாதி பிரித்து ஆள்கிறது. உடையே மனிதரைத் தின்னும் உயிர் என்று போகிறது கதை. ஃபேஷன், ஃபாசிசம் என்ற இரு சொற்களின் ஒலி ஒற்றுமையை வைத்து ஆடிய துணிச்சலான கற்பனை. எங்கள் ஊர்க்காரன் எழுந்து நின்று கைதட்ட வேண்டிய கரு. ஆனால் மேலே நான் மூடிவிட்ட கணக்கு இங்கே குறுக்கே வருகிறது: நாயகி பள்ளி மாணவி. உடையின் கொடுங்கோன்மையைக் கண்டிக்கும் அதே கேமரா அவளை விட்டுவைக்கவில்லை. வாதம் ஒரு பக்கமும் வரைகோல் மறுபக்கமும் இழுத்ததில், நல்ல துணி நடுவே கிழிந்துவிட்டது என்பதே என் முடிவு.

மீண்டும் மிட்சுரிக்கு வருகிறேன். மனிதருக்கு மீறிய பலமும் விசித்திர நிறக் கூந்தலும் இருந்ததால் பெண்பார்க்க வந்தவர்கள் உதறிவிட்டுப் போனார்கள். முடிக்குக் கறுப்புச் சாயம் பூசி, பலத்தை ஒளித்து, அடக்கமான பெண்ணாக நடித்துப் பார்த்தாள். முடியவில்லை. அவள் இருந்தபடியே ஏற்ற இடம் பேய்வேட்டைப் படைதான். இத்தனை நல்ல பாத்திரத்துக்கு அந்தச் சட்டை எந்தச் சேவையும் செய்யவில்லை. அவள் கேட்காமல் தைத்தது அது. கதாசிரியருக்கும் அது தெரிந்திருக்கிறது. அதனால்தான் பழியை ஒரு தையல்காரன் தலையில் போட்டார். அப்படிப் போட்டுவிட்டுத் தொடர்ந்து அதையே வரைந்துகொண்டும் இருந்தார்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் தங்கை மகள், "மாமா, நீங்க மிச்சக் கதைய கேக்கல்லியே" என்றாள். அதே குறிப்பில் இன்னொரு வரி இருக்கிறது. மாயேதா அதே மாதிரிச் சீருடை ஒன்றை ஷினொபு கோச்சோவுக்கும் தைத்துக் கொடுத்தான். அவள் அதன்மேல் எண்ணெய் ஊற்றி, அவன் கண் முன்னாலேயே கொளுத்தினாள். படத்தில் ஷினொபு கழுத்துவரை பொத்தான் மாட்டித்தான் வருகிறாள்.